பெயர் கொடுக்கிற சனிக்கிழமை

போதகர் அறைக்கு வெளியே இந்தப் பெஞ்சில் வந்து உட்கார்ந்து அரைமணி நேரம் இருக்கும், அதற்குள் இரண்டு பேருக்கு என் முறையை விட்டுக்கொடுத்துவிட்டேன். முதலில் ஆல்முட்டுக்கு. அடுப்பில் ரொட்டியைப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்றாள். அடுத்தது ஃபோல்கெர்ட்டுக்கு. அவர் சபை மூப்பர், மூப்பருக்கு வழிவிட யாரும் காரணம் கேட்பதில்லை. இரண்டு பேரும் என்னைப் பெரிய மரியாதைக்காரன் என்று நினைத்திருப்பார்கள். மணியடிக்கிற ஹின்ரிச் மாதிரி பவ்யமான ஆள் இந்த ஜில்லாவிலேயே கிடையாது என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் பயத்துக்குப் பவ்யம் என்று பெயர் வைத்து ஐம்பத்திநாலு வருஷத்தை ஓட்டிவிட்டேன். நாளைக்குத் திருவிருந்து. அப்பமும் ரசமும் வாங்குகிறவர்கள் முந்தின நாளே போதகர் வீட்டுக்கு வந்து, அவர் எதிரே உட்கார்ந்து பெயர் கொடுக்க வேண்டும், அது லுத்தரன்களான எங்களுடைய வழக்கம். ஜெர்மனியிலிருந்து கப்பலேறி இந்த நெப்ராஸ்கா மண்ணுக்கு வந்த எங்கள் அப்பாக்கள் வீடு, மாடு, கலப்பை எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தார்கள், இதை மட்டும் விடவில்லை. பெயரை எழுதுவதற்கு முன்னால் போதகர் ஒரே ஒரு கேள்வி கேட்பார். நீ யாருக்காவது செய்த தப்பு சரிசெய்யப்படாமல் கிடக்கிறதா? வருஷத்துக்கு நாலு தடவை, முப்பது வருஷம், இல்லை ஐயா என்று சொல்லியிருக்கிறேன். தும்மல் மாதிரி தானாக வந்துவிடும். இன்றைக்கு அது வராது. கேள்வி கேட்கப்போகிறவரும் நான் தப்பு செய்த ஆளும் ஒருவரே என்றால் தும்மல்கூட யோசித்துத்தான் வரும். புறப்படும்போது என் மனைவி தீனா என் கோட்டைத் தட்டிவிட்டாள், முப்பது வருஷமாகத் தட்டிவிடுகிற கை, இன்றைக்கு ஒரு தட்டு கூடுதலாக விழுந்தது. "போறப்ப வாயையும் கையோட எடுத்துட்டுப் போங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவளிடம் நான் எதையும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. கேட்காமலே எல்லாம் தெரிந்துவைத்திருக்கிற பெண்ணோடு ஒரே மேஜையில் மூன்று வாரமாகச் சாப்பிடுகிறேன்.

போதகர் வீடு முழுக்க இன்னும் மண்ணெண்ணெய் வாசனை. பன்றிக்கொழுப்பும் மண்ணெண்ணெயும் கலந்து தேய்த்துத்தான் அவர் உடம்பில் பூசியிருந்த தாரை எடுத்தார்களாம், போதகரின் மனைவியும் ஆல்முட்டும், இரண்டு பகல், தோலோடு சேர்ந்து வந்த இடத்தில் விட்டுவிட்டார்களாம். ஆல்முட் இதைச் சபைப் பெண்களிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் அங்கேதான் கோயில் தூண் ஓரமாக நின்று பெஞ்சு துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த பெஞ்சையே திரும்பத் திரும்பத் துடைத்தேன். என்னை யாரும் பார்க்கவில்லை. மணியடிக்கிறவனை யாரும் பார்ப்பதில்லை, காதால்தான் அறிவார்கள், அதில்தான் எனக்கு எத்தனை கர்வம்! கர்வம் என்று இப்போது சொல்கிறேன், அப்போது ஊழியம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் சபையில் ஒருவர் இறந்தால் அவருக்கு எத்தனை வயதோ அத்தனை முறை மணியை அடிக்க வேண்டும். ஒன்று அடித்து, ஓசை முழுவதும் அடங்கியபின் அடுத்தது. வயலில் உழுதுகொண்டிருக்கிறவன் குதிரையை நிறுத்தி எண்ணுவான். மாவு பிசைகிறவள் கையை அப்படியே வைத்துக்கொண்டு எண்ணுவாள். எழுபதைத் தாண்டினால் இன்னார்தான் என்று பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும். அத்தனை வீடும் என் கைக்காகக் காத்திருக்கிற நேரம் அது. பன்றி வளர்க்கிற, கூட்டத்தில் வாய் திறக்காத ஹின்ரிச்சுக்கு அதைவிட வேறென்ன வேண்டும். ஜனவரியில் போதகர் மணி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அமெரிக்கா ஜெர்மனியோடு சண்டைக்குப் போய் ஒன்பது மாதம் ஆகியிருந்தது, டவுனில் உள்ள பாதுகாப்புக் கமிட்டிக்காரர்கள் எங்களைக் கூப்பிட்டுவைத்து, பிரசங்கம் இனி இங்கிலீஷில், பள்ளிக்கூடம் இங்கிலீஷில், டெலிபோனில்கூட ஜெர்மன் பேசினால் கேட்டுக்கொண்டிருப்போம் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். மணியைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. போதகர் லூட்கெதான் யோசித்தார். "மணி மூணு மைலுக்குக் கேக்கும், ஹின்ரிச். எதுக்கு அடிக்கிறோம்னு அத்தனை தூரத்துல இருந்து கேக்கிறவனுக்குத் தெரியாது. சண்டை முடியட்டும். சாவுக்கும் வேண்டாம்" என்றார். சரி ஐயா என்றேன். சரி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து இரண்டு நாள் தீனாவிடம் எரிந்து விழுந்தேன்.

மேட்டாவுக்காக அடித்தேன் என்று எனக்கு நானே சொல்லிப்பார்த்திருக்கிறேன். நல்ல பெண்மணி, சீபெல்ட் பெரியவரின் மனைவி, எண்பத்தொரு வயது, இந்தச் சபையின் முதல் பெஞ்சிலேயே கிழவியானவள். அப்படிப்பட்டவளை மணி இல்லாமல் அனுப்புவதா என்று மனசு கேட்கவில்லை என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கிறது. பொய். அன்றைக்குக் காலையில் அவர்களுடைய மருமகள் வண்டியில் போகிறபோது நிறுத்தி, அத்தை போய்ட்டாங்க என்றாள். என் உள்ளங்கை அரித்தது. எண்பத்தொன்று! இதுவரை நான் அடித்ததிலேயே பெரிய எண்ணிக்கை எழுபத்தெட்டுதான். ஒரு சாவைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது கண்ணீர் இல்லை, இந்த எண்ணிக்கை. இதை யாரிடம் போய்ச் சொல்வது? முப்பத்தெட்டுப் படி ஏறி, கயிற்றில் மூன்று மாதத்து ஒட்டடையைத் துடைத்து, அடித்தேன். நன்றாக அடித்தேன். நடுவில் ஐம்பது தாண்டும்போது தோள் வலித்தது, அந்த வலிகூட சுகமாக இருந்தது. கீழே இறங்கினால் போதகர் பாதையில் நிற்கிறார், மூச்சு வாங்குகிறது, முகம் சிவந்திருக்கிறது. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். "எத்தனை?" என்று கேட்டார். "எண்பத்தொண்ணு, ஐயா." "சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். அன்றைக்கு டவுனில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று எனக்குத் தெரியாது. பத்திரிகை வாங்கிப் படிக்கிறவன் இல்லை நான். பிரான்சில் ஜெர்மன் படை நம் பக்கத்து ஆட்களை மைல் மைலாகத் துரத்திக்கொண்டு வருகிறது என்று அன்று காலைதான் கொட்டை எழுத்தில் வந்திருந்ததாம். அதைப் படித்துக்கொண்டு கடைவாசலில் நின்றவர்கள் காதில் எங்கள் மணி விழுந்திருக்கிறது. நாலு அடி, ஐந்து அடி என்றால் காற்று என்று விட்டிருப்பார்கள். எண்பத்தொன்று. ஜெர்மன்காரன் ஜெயித்ததற்குக் கோயில் மணி அடித்துக் கொண்டாடுகிறான் இந்த ஜெர்மன் பாதிரி என்று ஆயிற்று.

அன்றைக்கே மதியம் நாலு மணி. பட்டப்பகல். இதை யோசிக்காமல் இருந்துவிட வேண்டும் என்று உட்காரும்போதே நினைத்தேன், பார், கால் தானாக அந்தப் படிக்கட்டுக்குப் போய் நிற்கிறது. மணிக்கு எண்ணெய் போட மறுபடியும் மேலே ஏறியிருந்தேன். மூன்று கார் வந்தது. கோபுரத்துப் பலகைச் சந்து வழியாகப் பார்த்தால் முற்றம் முழுக்கத் தெரியும். பதினைந்து பேர் இருக்கும், முகமூடியெல்லாம் கிடையாது, அதில் இரண்டு பேரிடம் நான் பன்றி விற்றிருக்கிறேன். போதகரை வீட்டுக்குள்ளிருந்து இழுத்து வரவில்லை, அவரே வந்தார், கழுத்தில் துண்டு இருந்தது, சவரம் செய்துகொண்டிருந்திருப்பார். யார் மணி அடித்தது என்று கேட்டார்கள். எனக்குக் கேட்டது. அவ்வளவு தெளிவாகக் கேட்டது. செத்துப்போன கிழவிக்கு அடித்த மணி என்று அவர் விளக்கினார், அவருடைய இங்கிலீஷ் பதற்றத்தில் இன்னும் கோணலாகப் போயிற்று, அந்தக் கோணலைக் கேட்டு ஒருவன் சிரித்தான். மறுபடி கேட்டார்கள், யார் அடிக்கச் சொன்னது. அவர் கோயில் கதவைப் பார்த்தார். பிறகு "நான்" என்றார். நான் முப்பத்தெட்டுப் படி மேலே இருந்தேன். கையில் எண்ணெய்க் குப்பி. முப்பத்தெட்டுப் படி இறங்க எவ்வளவு நேரம் ஆகும்? எனக்கு முழங்கால் வலி உண்டு, இருந்தாலும் ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம். அவர்கள் சட்டையைக் கிழித்தார்கள். இறங்கலாம் என்று நினைத்தேன். அமெரிக்கக் கொடிக்கு முத்தம் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தார், இன்னொரு தடவை என்றார்கள், கொடுத்தார். இப்போது இறங்கலாம் என்று நினைத்தேன். தார் கொண்டுவந்திருந்தார்கள், பூசுவதற்கு எதுவும் கொண்டுவரவில்லை, கோயில் சுவரில் நான் சுண்ணாம்பு அடிக்கிற பிரஷ் கொட்டகையில் கிடந்ததை ஒருவன் எடுத்துவந்தான். என் பிரஷ். அதன் காம்பில் நான் சுற்றிய துணி இருக்கிறது. போதகர் கத்தவில்லை என்று இப்போது ஊரெல்லாம் சொல்கிறார்கள், வீரத்தைப் போல. கத்தினார். தார் நெஞ்சில் பட்டபோது கத்தினார், அம்மா என்று ஜெர்மனில் கத்தினார், அதற்காகவும் ஒரு உதை விழுந்தது. போதகரின் மனைவி வாசலில் நின்று என் கணவரை விடுங்கள் என்று அழுதபோது ஒருவன் உள்ளே போய் அவளுடைய தலையணையையே எடுத்துவந்து கிழித்து இறகைக் கொட்டினான். நான் குனிந்து உட்கார்ந்திருந்தேன். சந்து வழியாக என் முகம் தெரிந்துவிடுமோ என்று. இதுதான் நான். வேறு எந்த ஹின்ரிச்சும் இல்லை.

அதோடு விட்டிருந்தால்கூட கோழை என்று ஒரு பெயரோடு போயிருக்கும். மறுநாள் ஃபோல்கெர்ட் வந்தார், இன்னும் இரண்டு மூப்பர்களோடு. "கேக்க வேண்டியிருக்கு, ஹின்ரிச். மணி வேண்டாம்னு சபைக்கு வாக்குக் கொடுத்தவர் அவரே. அவரேவா அடிக்கச் சொன்னாரு?" நான் பன்றித்தொட்டியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். வாளியைக் கீழே வைக்கவில்லை. தலையாட்டினேன். ஒரே ஒரு தடவை. வாய் பொய் சொல்லவில்லை, தலைதான் சொன்னது என்று அன்றிரவு தூக்கம் வராமல் வாதாடிப்பார்த்தேன், எவ்வளவு கேவலமான வக்கீல் நான். அந்தத் தலையாட்டல் எங்கே போய் நிற்கிறது என்று இப்போது தெரிகிறது. நாளை ஆராதனை முடிந்ததும் சபைக்கூட்டம். கொடுத்த வாக்கை மீறிச் சபைக்கு ஆபத்தை வரவழைத்த போதகர் நமக்கு வேண்டாம் என்று கை தூக்கப்போகிறார்கள். பத்தொன்பது வருஷம் இருந்தவர். என் இரண்டு குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர், அதில் ஒன்றை அடக்கம் செய்ததும் அவரே, பதினொன்று அடித்தேன் அதற்கு. அவரை அனுப்பிவிட்டால் வேறு எந்தச் சபையும் எடுக்காது, பேப்பரில் பெயர் வந்துவிட்டது. அறுபத்திரண்டு வயதில், உரிந்த தோலோடு, எங்கே போவார்? நான் உள்ளே போய் நாலு வார்த்தை சொன்னால் போதும். ஐயா, நீங்கள் சொல்லவில்லை, நானாக அடித்தேன். பிறகு நாளைக் கூட்டத்தில் அதையே. நாலு வார்த்தை. ஆனால் அதைச் சொன்ன மறுநாள் மூன்று கார் என் வீட்டுக்கு வரும். தீனா வாசலில் நிற்பாள். என் தோல் அரிக்கிறது இப்போதே.

கதவு திறந்தது. போதகர் அறைக் கதவு இல்லை, வாசல் கதவு. சீபெல்ட் பெரியவர் வந்து தொப்பியைக் கழற்றி என் பக்கத்தில் உட்கார்ந்தார். எண்பத்து நாலு வயது, மனைவியைப் புதைத்து மூன்று வாரம், காலரை யாரும் நேராக்கிவிடவில்லை. இவரைப் பார்த்ததும் எனக்கு எழுந்து ஓட வேண்டும்போல் இருந்தது. "மழை வரும்" என்றார். "வரும், பெரியவரே" என்றேன். சும்மா இருந்திருக்கலாம். மனுஷனுக்கு என் வாயிலிருந்து ஏதாவது ஆறுதல் வர வேண்டாமா என்று, அல்லது என்னையே தேற்றிக்கொள்ள, "அன்னைக்கு மணி கேட்டுச்சா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டேன். அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "கேட்டுச்சு. முழுக்க எண்ணினேன். அவளுக்குக் கொஞ்சம் பெருமையாத்தான் இருந்திருக்கும்" என்றார். எனக்குச் சந்தோஷம் வந்தது, அதுதான் அசிங்கம், பாராட்டு கேட்ட சந்தோஷம், இத்தனைக்கும் பிறகு. அப்போது ஃபோல்கெர்ட் வெளியே வந்தார், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு. எங்கள் இருவரையும் பார்த்து, "நாளைக்கு எல்லாரும் கை தூக்கணும். ஒரே மனசா இருந்தாத்தான் கமிட்டிக்காரங்க நம்மள விடுவாங்க" என்று தணிந்த குரலில் சொன்னார். சொல்லிவிட்டுப் போதகர் அறைக் கதவை அவரே மெதுவாகச் சாத்தினார். இப்போதுதான் உள்ளே பெயர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார் மனுஷன்! "நீங்க முதல்ல போங்க, பெரியவரே" என்றேன். "எனக்கென்ன அவசரம்? வீட்டுல யார் காத்திருக்காங்க? நீ போ" என்றார். இனி விட்டுக்கொடுக்க ஆள் இல்லை.

போதகர் எழுந்திருக்கவில்லை. புருவம் இல்லாத முகம் என்பது இவ்வளவு வேற்று முகமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. தலையை மழித்திருந்தார்கள், காதோரம் ஒரு கறுப்பு இன்னும் போகவில்லை, வலது கையில் கட்டு. "பேனா பிடிக்க முடியலை, ஹின்ரிச். எல்லாரும் அவங்கவங்க பேரை அவங்களே எழுதறாங்க" என்று நோட்டை என் பக்கம் தள்ளினார். எழுதுவதற்கு முன் கேட்க வேண்டியதைக் கேட்டார், அதே வார்த்தைகள், அதே வரிசையில். இல்லை ஐயா என்பது கிளம்பி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்தேன். "நீங்க சொல்லலை, ஐயா. நானா அடிச்சேன். அப்புறம் மூப்பர்கிட்ட நீங்கதான் சொன்னீங்கன்னு தலையாட்டினேன். அவங்க வந்தப்ப நான் மேல இருந்தேன்." சொல்லிவிட்டேன். நாலு வார்த்தைக்குப் பதில் பதினைந்து ஆகிவிட்டது. அவர் ஆச்சரியப்படவில்லை. "மேல இருந்தது தெரியும். நீ ஏறும்போது ஜன்னல்லேர்ந்து பாத்தேன்" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்ப ஏன் ஐயா நான்னு சொன்னீங்க?" அவர் கட்டுப்போட்ட கையை மடியில் திருப்பி வைத்துக்கொண்டார். "உனக்கு முழங்கால் வலி. படி இறங்க நேரமாகும். அதுவரைக்கும் சமாளிக்கலாம்னு நினைச்சேன்" என்றார். பிறகு, "கதவைப் பாத்துட்டே இருந்தேன், ஹின்ரிச்" என்றார். கோபம் இல்லை அந்தக் குரலில். கோபம் இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். என்னைக் காப்பாற்ற அவர் தியாகம் செய்தார் என்று மூன்று வாரமாக நினைத்து, அழுது, அதில்கூட ஒரு சுகம் கண்டிருந்தேன். அவர் எனக்காகக் காத்திருந்திருக்கிறார், அவ்வளவுதான். ஒவ்வொரு அடிக்கும் நடுவில் நான் வருவேன் என்று நம்பியிருக்கிறார். "எழுதலாமா ஐயா?" என்றேன். "கேட்டேன், சொன்னே. எழுது. நாளைக்குக் கூட்டத்துல சொல்றது உன் பாடு." எழுதினேன். என் பெயர் எனக்கே யாரோ ஒருவனுடைய பெயராகத் தெரிந்தது.

வெளியே வந்தபோது உடம்பு லேசாகியிருந்தது. சொல்லியாயிற்று, இனி நாளை. எழுந்து நின்று சொல்வேன், கார் வந்தால் வரட்டும், தீனாவை அவள் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் போகிறது. இப்போதே ஒரு ஆளிடம் சொல்லிப் பழக வேண்டும் என்று தோன்றியது, நாளை வாய் பின்வாங்காமல் இருக்க. சீபெல்ட் பெரியவர் முன்னால் நின்று, "போதகர் மேல தப்பு இல்ல, பெரியவரே. அவர் என்னை மணி அடிக்கச் சொல்லவே இல்லை. நாளைக்குச் சபை முன்னாடி சொல்லப்போறேன்" என்றேன். அவர் தலையை நிமிர்த்தவில்லை. "தெரியும்" என்றார். "உன் முதல் மணி விழுந்தப்ப அவரு எங்க வீட்டுலதான் இருந்தாரு. மேட்டா கட்டில் பக்கத்துல சங்கீதம் வாசிச்சிட்டிருந்தாரு. மணி கேட்டதும் பாதியில நிறுத்திட்டு, யாரு அடிக்கிறதுன்னு கேட்டுக்கிட்டே எழுந்து ஓடினாரு." "இதை யார்கிட்டயும் சொல்லலியா நீங்க?" என்றேன். "ஃபோல்கெர்ட்டுக்கு அன்னைக்கே சொன்னேன். அவரு மத்த மூப்பர்களுக்குச் சொல்லியிருப்பாரு. வீட்டுக்கு வீடு தெரியும், ஹின்ரிச்." "தெரிஞ்சா, தெரிஞ்சே எதுக்கு நாளைக்குக் கை தூக்கறீங்க?" என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது, உள்ளே போதகர் காதில் விழுந்திருக்கும். பெரியவர் சிரமப்பட்டு எழுந்தார், தொப்பியைப் பெஞ்சில் வைத்தார். "அவரு இங்க இருக்கிற வரைக்கும் அவங்க வருவாங்க. எனக்கு இந்த ஜில்லாவுல மூணு மகன் இருக்காங்க" என்றார். கதவுப் பிடியில் கை வைத்து, திரும்பி, முதல் தடவையாக என்னைப் பார்த்தார். "நீ எழுந்து சொன்னா நாங்க எல்லாரும் இப்பதான் கேக்கிற மாதிரி மூஞ்சிய வச்சுக்கணும். எங்களுக்கு அதைச் செய்யாத, ஹின்ரிச். வயசானவன் கேக்கிறேன்." கதவைத் திறந்து பெயர் கொடுக்க உள்ளே போனார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். தலையில் அடித்துக்கொண்டு கத்தியிருக்க வேண்டும். வந்தது நிம்மதி. கர்த்தாவே, எனக்கு வந்தது நிம்மதிதான்.